பழைய மேசைக் கணினிக்குப் புதிய இயங்குதளம்: நீலத்திரையும் பாமினியும் கற்றுக்கொடுத்தவை

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2011ஆம் ஆண்டில் வாங்கியது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி வன்தட்டு, 32 பிட் விண்டோஸ் 7. வாங்கியது நான் என்றாலும் அதன் முன் அதிக நேரம் உட்கார்ந்தவர் அப்பாதான். கடிதங்கள், கட்டுரைகள், குடும்பக் கணக்கு என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் எழுதியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஓடுகிற இயந்திரத்தை ஏன் தொட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அதற்கு எதிராக வாதாட எனக்கும் நீண்ட நாள் காரணம் கிடைக்கவில்லை.

காரணம் இணையத்தின் வழியாக வந்தது. சில தளங்கள் வழக்கம்போலத் திறந்தன. வேறு சில, இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லிக் கதவைச் சாத்தின. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. குரோம் உலாவியில் அதற்குக் கிடைத்த கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. ஆகவே எல்லாப் பழியையும் உலாவியின் வயதின்மேல் போட்டுவிட்டு, இயங்குதளத்தை மாற்றுவதென்று முடிவு செய்தேன். பழியில் பாதி தவறானது என்பது பிறகுதான் தெரிந்தது.

எதற்கு மாறுவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் 10 இந்தப் பெட்டியில் ஓடும். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், இவ்வளவு பாடுபட்டு ஏறும் படியே இடிந்துகொண்டிருக்கும் படியாக இருப்பதில் எனக்கு விருப்பமில்லை. விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு. ரூஃபஸ் என்னும் மென்பொருள் அதற்கான பென் டிரைவையே தயாரித்துத் தருகிறது. ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு இனிவரும் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. நான் வைத்து விளையாடும் கணினி என்றால் செய்து பார்த்திருப்பேன். அப்பா நம்பி உட்காரும் கணினியில் செய்ய மனம் வரவில்லை. ஆகவே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளம், அதிலும் பழைய வன்பொருளுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று தீர்மானித்தேன். செயலி 64 பிட் வகை என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டேன். 32 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்பதற்காகச் செயலியும் 32 பிட் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் 64 பிட் செயலியையே கேட்கின்றன.

வேலையை வன்தட்டின் நலத்திலிருந்து தொடங்கினேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறு மென்பொருளைத் திறந்ததும் மஞ்சள் எச்சரிக்கை தெரிந்தது: படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகள் 8. எண் சிறியதுதான், ஆனால் அது பூஜ்யமாக இல்லாமல் போன நாளிலிருந்து வன்தட்டை நம்பக் கூடாது. இந்த நிலையில் பலரும் செய்யும் தவறு, முதலில் வன்தட்டைச் சரிசெய்யலாம் என்று முழுத் தட்டையும் சோதிக்கும் கட்டளையை ஓட்டுவது. தளர்ந்த தட்டு மணிக்கணக்கில் சுழன்று, எடுக்க வேண்டிய கோப்புகளை எடுக்கும் முன்பே சாய்ந்துவிடலாம். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம். நகலிலும் முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எடுக்காமல், போனால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலிலும், மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளக் கூடியவற்றைக் கடைசியிலும் எடுத்தேன். நகல் வாங்கிய வெளி வன்தட்டு ஃபேட்32 என்னும் கோப்பு அமைப்பு முறையில் இருந்ததால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு காணொளியை ஏற்க மறுத்தது. அதை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

மேசைப்பரப்பு, ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் என்று கண்ணுக்குத் தெரிந்த கோப்புறைகளை எடுத்தேன். உலாவியின் புத்தகக்குறிகள், சேமித்த கடவுச்சொற்கள், மின்னஞ்சல் மென்பொருளின் கோப்புறை ஆகியவை பயனர் கணக்கின் மறைந்த கோப்புறைகளுக்குள் இருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது, அவற்றையும் எடுத்தேன். நகலான கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில படங்களைத் திறந்தும் பார்த்தேன். எதையும் விடவில்லை என்ற நிறைவோடு இரவு படுத்தேன். விட்டது ஒன்று இருந்தது.

மறுநாள் கேபினட்டைத் திறந்தேன். மின்வயரைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைக் கழித்து, உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தையும் இறக்கிய பிறகே பலகைமேல் கை வைத்தேன். செய்ய வேண்டியவை மூன்று: இன்னொரு 4 ஜிபி ரேம், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, மதர்போர்டில் இருக்கும் நாணய அளவுப் பேட்டரி. ரேமைப் பொருத்தி மின்சாரம் கொடுத்ததும் திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் ஒலி மட்டும் விடாமல் கேட்டது. கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இரு பக்கக் கொக்கிகளும் தாமாகவே சொடுக்கி மூடும்வரை அழுத்தினேன், ஒலி நின்றது. அன்றிரவு மெம்டெஸ்ட் சோதனையை ஓடவிட்டுக் காலையில் பிழை எதுவும் இல்லை என்று கண்ட பிறகே அந்த ரேமை நம்பினேன். பழுதுள்ள ரேமோடு இயங்குதளத்தை நிறுவினால், நிறுவும்போது வரும் பிழையை பென் டிரைவின் குற்றம் என்றும் தட்டின் குற்றம் என்றும் நினைத்து நாள்கள் போய்விடும்.

பேட்டரியை மாற்றியதற்குக் காரணம் உண்டு. வெளியூர் போய்ச் சில வாரங்கள் மின்சாரத்தை அணைத்து வைத்திருந்துவிட்டுத் திரும்பினால் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தது. 3 வோல்ட் தரும் அந்த சிஆர் 2032 பேட்டரிதான், மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுகிறது. விண்டோஸ் 7 இணையத்தோடு நேரத்தைச் சரிபார்ப்பது இயல்பாக வாரத்துக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட நாள்களில், அண்மையில் தம் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்திருந்த தளங்களைப் பார்த்து உலாவி, இந்தச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லையே என்று முரண்டு பிடித்திருக்கிறது. சில தளங்கள் திறந்ததும் சில மறுத்ததும் இதனால்தான். உலாவியின் வயது உண்மையான சிக்கல்தான் என்றாலும், எனக்குக் கண்ணில் பட்ட சிக்கலின் பெரும்பகுதி பேட்டரியிலிருந்து வந்தது. திரையின் மூலையிலுள்ள தேதியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.

இனி இந்த அனுபவத்தின் மிக மோசமான மாலை. புதியதை நிறுவும் முன், இதுவரை செய்த மாற்றங்களால் எதுவும் கெடவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காகப் பழைய வன்தட்டையே வைத்துக் கணினியை இயக்கினேன். விண்டோஸ் தொடங்குகிறது என்ற வரி தோன்றியது. நான்கு வண்ணப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து சின்னமாகும் முன்பே, விண்டோஸ் முடங்கும்போது காட்டும் நீலத்திரை ஒரு கணம் மின்னி, கணினி தானாக மீண்டும் தொடங்கியது. மறுபடி அதே வரி, மறுபடி நீலத்திரை. தானாக மறுதொடக்கம் செய்வதை எஃப்8 பட்டியலில் நிறுத்திவிட்டுப் பார்த்தபோதுதான் பிழை எண்ணைப் படிக்க முடிந்தது. அது 7பி என்று முடிந்தது. தொடங்குவதற்கான தட்டை அணுக முடியவில்லை என்று பொருள். முதல் நாள் பார்த்த அந்த எட்டுப் பிரிவுகள்தான் என் நினைவுக்கு வந்தன. தட்டு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். கேபிளை மாற்றினேன், வேறு துளையில் செருகினேன், புதிய ரேமைக் கழற்றினேன். மூன்று மணி நேரம் இப்படியே கழிந்தது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்னால் ஓடியதுதானே? அப்படியானால் பேட்டரியோடு சேர்ந்து போனது என்னவென்று பார்” என்றார். கணினியைப் பற்றி அதிகம் தெரியாதவர் கேட்ட கேள்வி அது. தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குத் தோன்றாமல் போன கேள்வியும் அதுதான்.

பேட்டரியோடு சேர்ந்து போனவை, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகள். உள்ளே போய்ப் பார்த்தால் தேதி 2011 ஜனவரி 1 என்று நின்றிருந்தது. தட்டோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஐடிஇ என்று தொழிற்சாலை இயல்புநிலைக்குத் திரும்பியிருந்தது. விண்டோஸ் 7 நிறுவப்படும்போது எந்த முறை இருந்ததோ அதற்கான டிரைவரை, அதாவது வன்பொருளை இயக்கும் நிரலைத்தான் தொடக்கத்தில் ஏற்றும். முறை மாறினால் தட்டு கண்ணெதிரே இருந்தும் அதற்குக் கைக்கெட்டாது. ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் ஒன்றும் நடக்காததுபோலத் திறந்தது. அன்றிலிருந்து எந்தக் கணினியைத் திறந்தாலும், பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்கிறேன். ஆறோ ஏழோ படங்கள், ஒரு நிமிட வேலை. இன்னொன்றும் உண்டு. ரேம், பேட்டரி என்று இரண்டு மாற்றங்களை ஒரே மூச்சில் செய்ததால்தான் குற்றவாளி யாரென்று எனக்குத் தெரியாமல் போனது. ஒன்றை மாற்றி, இயக்கிப் பார்த்து, அதன் பிறகு அடுத்ததைத் தொட்டிருந்தால் அந்த மாலை பிழைத்திருக்கும்.

பென் டிரைவ் தயாரிப்பதில் சொல்ல அதிகமில்லை. பதிவிறக்கிய லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பு சிதையாமல் வந்ததா என்று அறிய, அதன் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புக் குறியை, தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பென் டிரைவில் ஏற்கனவே இருப்பது முழுவதும் அழிந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. பழைய பெட்டிகளின் முன்புற யுஎஸ்பி துளைகள் தளர்ந்து போயிருக்கும். எனக்கும் பாதியில் படிப்புப் பிழை வந்து, பின்புறம் மதர்போர்டிலேயே உள்ள துளைக்கு மாற்றிய பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கியது.

லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடிவதுதான். இந்த வசதியைப் பலர் ஐந்து நிமிட வேடிக்கையாகப் பயன்படுத்திவிட்டு நிறுவும் சின்னத்தை அழுத்திவிடுகிறார்கள். நான் ஒரு முழு முற்பகலைக் கொடுத்தேன். ஒலி வந்தது, திரை தன் முழு அளவில் தெரிந்தது, குறுந்தகடு தொலைந்துபோய் விண்டோஸில் எங்களைப் படாதபாடு படுத்திய அச்சுப்பொறி, செருகியவுடன் அச்சடித்தது. ஆனால் அதே இயந்திரத்தின் ஸ்கேனர் பகுதி அசையவில்லை. யுஎஸ்பி வைஃபை துண்டும் டிரைவர் இல்லாமல் முழித்தது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சிக்கலுக்குக் கைப்பேசியே மருந்து: அதை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் என்ற அமைப்பை இயக்கினால், கணினி அதைக் கம்பிவழி இணைப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

நிறுவும் நேரத்தில் பழைய வன்தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டேன். பெட்டிக்குள் எஸ்எஸ்டி மட்டும் இருந்ததால், எந்தத் தட்டை அழிக்கட்டும் என்ற கேள்விக்குத் தவறான பதில் சொல்லவே வழியில்லை. தொடக்க நிரலும் வேறு தட்டில் போய் உட்கார முடியாது. பார்ட்டிஷன் பெயர்களை நிதானமாகப் படித்தால் போதும் என்பவர்கள் உண்டு. நள்ளிரவில் நிதானம் யாருக்கு இருக்கிறது? கேபிளைக் கழற்றுவதே மேல். நிறுவி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வேகம் கூடியதில் பெரும்பங்கு எஸ்எஸ்டிக்கு உரியது, இயங்குதளத்துக்கு அல்ல என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வன்தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் படிப்பு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி, அதற்குமேல் முனை நகரும் நேரம். சிறு கோப்புகளை ஆயிரக்கணக்கில் திறக்கும் இயங்குதளத்துக்கு இந்தக் காத்திருப்புகள்தான் சுமை. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு மில்லிநொடியில் ஒரு சிறு பகுதிதான். எங்கள் மதர்போர்டில் நான் செருகியது தட்டுகளை இணைக்கும் பழைய 3 கிகாபிட் சாட்டா துளை. எஸ்எஸ்டியின் முழு வேகத்தை அது விடாது. இருந்தும் கணினி தயாராகும் நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து ஏறத்தாழ இருபது நொடிக்கு இறங்கியது. பணமோ நேரமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், இயங்குதளத்துக்கு முன் எஸ்எஸ்டியைத்தான் மாற்றச் சொல்வேன். அதைப் பிடித்து வைக்கும் சட்டம் என்னிடம் இல்லை. உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் இரட்டைப் பக்கப் பசைநாடாவால் ஒட்டிவிட்டேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.

ரேமும் இப்போதுதான் முழுதாகப் பயன்படுகிறது. 32 பிட் விண்டோஸின் முகவரி எல்லை 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை வன்பொருள்கள் எடுத்துக்கொண்டுவிடுவதால், இருந்த 4 ஜிபியில் 3.2 ஜிபி அளவே எங்களுக்குக் கிடைத்து வந்தது. பழைய இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரேமை மட்டும் கூட்டியிருந்தால் அது வெறும் அலங்காரமாக நின்றிருக்கும்.

மூன்றாம் நாள் அப்பா தம்முடைய பழைய கட்டுரை ஒன்றைத் திறந்தார். தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த ஒரு குப்பை திரையை நிறைத்தது. “எல்லாம் போய்விட்டதா?” என்று மட்டும் கேட்டார். போகவில்லை, ஆனால் அது எனக்கே உடனடியாகப் புரியவில்லை. அவர் எழுதியது, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் அல்ல, பாமினி எழுத்துருவில். பாமினியில் கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள்தாம். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. அ என்பது எம், ம என்பது கே, மெய்யின் புள்ளி அரைப்புள்ளிக் குறி, கால் என்பது எச். போர்வை இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். ஆவணங்களைப் பத்திரமாக நகலெடுத்த நான், சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக்களை நினைக்கவே இல்லை. முதல் இரவு நான் விட்டது இதுதான். பழைய வன்தட்டை அழிக்காமல் கேபிளை மட்டும் கழற்றி வைத்திருந்ததால் தப்பித்தோம். அதை மீண்டும் இணைத்து, எழுத்துருக் கோப்புகளை எடுத்து, புதிய இயங்குதளத்தில் பயனர் கோப்புறையின் எழுத்துரு அடைவில் போட்டதும் கட்டுரை திரும்பி வந்தது. பழைய தமிழ் எழுத்துருக்களில் எழுதியவர்கள் எவராக இருந்தாலும், ஆவணங்களுக்கு முன்னால் எழுத்துருக்களை நகலெடுக்கட்டும்.

அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது. மாற்றிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரு பொறி மட்டும் உண்டு. கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்றே எண்ணிப் பொருளற்ற தமிழாக்கிவிடும். ஆகவே மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். தட்டச்சு செய்வதற்கு, ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பில் எம்17என் தொகுப்பைச் சேர்த்ததும் தமிழ் 99, ஒலியியல், தட்டச்சுப்பொறி என்று பல விசைமுறைகள் கிடைத்தன. தமிழ் 99ஐக் கற்றுக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். விரல் பழகிய பழைய தட்டச்சு முறையைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

விண்டோஸ் 7 இன்னும் முற்றிலும் விடைபெறவில்லை. ஸ்கேனருக்காகவும், லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டும் ஒயின் என்னும் கருவியில் பாதி மட்டும் ஓடிய ஒரு கணக்கு மென்பொருளுக்காகவும் பழைய வன்தட்டை இணைய இணைப்பின்றி அவ்வப்போது இயக்குகிறோம். அப்படி இயக்கிவிட்டு லினக்ஸுக்குத் திரும்பிய ஒரு நாள் கடிகாரம் சில மணி நேரம் தவறாக நின்றது. புதுப் பேட்டரியும் போய்விட்டதோ என்று பதறிக் கேபினட்டின் திருகாணி வரை போய்விட்டேன். பேட்டரியின்மேல் குற்றமில்லை: விண்டோஸ், மதர்போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸோ அங்கிருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. அங்கிருப்பதை உள்ளூர் நேரமாகவே படிக்கும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்ததும் சண்டை தீர்ந்தது.

டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் வாரம் ஒருமுறை அமைப்பின் நிலையைச் சேமிக்கிறேன். இயல்பாக அது இயங்குதளக் கோப்புகளை மட்டுமே காக்கும், அப்பாவின் கட்டுரைகளை அல்ல. அவற்றுக்கு வெளி வன்தட்டில் தனி நகல் உண்டு. பழைய வன்தட்டில் காத்திருக்கும் பிரிவுகளின் எண்ணிக்கை சென்ற வாரம் 8லிருந்து 16 ஆகியிருந்தது. அந்தத் தட்டின் முழுப் பிம்பத்தையும் குளோன்ஜில்லா கொண்டு எடுத்து வைக்க நேற்று இரவு உட்கார்ந்தேன். பாதியில் ஒரு பிரிவைப் படிக்க முடியாமல் நின்றது. பிழைகளைத் தாண்டிப் போகும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். அது முடியும்வரை ஸ்கேனரைக் கேட்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.